இரண்டாவது மூடி

மேல்வீட்டுத் துணி என் ஜன்னலில் சொட்டினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். ஜன்னலை ஒட்டித்தான் என் மேஜை. மேஜைமேல் கம்ப்யூட்டர், பிரிண்டர், கோர்ட்டுக்குப் போக வேண்டிய காகிதங்கள். ஒரு சொட்டு பட்டாலும் கையெழுத்து கரைந்துவிடும். "யாரும்மா அங்க? பிழிஞ்சு போடத் தெரியாதா?" என்று நான் போடும் சத்தத்தில் தெருமுனை டீக்கடைக்காரரே எட்டிப் பார்ப்பார்.

தொழிலாளர் கோர்ட் வழக்குகளுக்கு மனு அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. இருபத்தாறு வருஷமாயிற்று. வேலையிலிருந்து துரத்தப்பட்டவர் புகாரோடு வந்தாலும் அடிப்பேன். துரத்திய கம்பெனியின் வக்கீல் பதிலுரையோடு வந்தாலும் அடிப்பேன். இவர் நடந்தது என்பார், அவர் நடக்கவே இல்லை என்பார். இரண்டையும் இதே விரல்களால் அடித்து அடித்து, யார் எதைச் சொன்னாலும் நம்பாத புத்தி வந்துவிட்டது. என் வீட்டுக்காரி டீயை நீட்டி, "சூடா இருக்கு, பாத்து" என்றால்கூட டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பேன். "ஒங்களுக்கு டீ போட்டுக் குடுக்கவே ரெண்டு சாட்சி வேணும்" என்பாள். அவள் மட்டும் என்ன, என்னைவிட இரண்டு மடங்கு சந்தேகக்காரி.

மேல்வீட்டில் புருஷன், பெண்டாட்டி இரண்டே பேர். இரண்டு பேருக்கும் பெரிய லாண்டரியில் வேலை. ஆஸ்பத்திரிகளின் போர்வை, விரிப்பு, டாக்டர் அங்கி எல்லாம் வண்டி வண்டியாக அங்கே வெளுக்க வரும். அவன் பாய்லர் ஓட்டுகிறவன். பரீட்சை எழுதித் தேறியவன். அந்தச் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு, கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருந்தான். தெருவே அவனை பாய்லர் என்றுதான் கூப்பிடும். கூப்பிட்டால் ஒரு சிரிப்போடு திரும்புவான். அவன் படியேறிப் போனால் எண்ணெய்ப் புகை வாசம் கொஞ்ச நேரம் படியிலேயே நிற்கும். அவளுக்கு உருளை இஸ்திரி மெஷினில் வேலை. வெளுத்த விரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, கொதிக்கிற உருளைக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் மடிப்புக் கலையாமல் வந்து விழும்.

ஒரு மழைநாள் காலையில் விரிப்போடு சேர்ந்து அவள் வலது கையும் உள்ளே போய்விட்டது. விரல் நாலும் உள்ளங்கையும் வெந்துபோயின. கட்டுப் போட்டு வீட்டில் கிடந்தவளுக்கு இரண்டு வாரத்தில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் பத்து நாள் வரவில்லை, ஆகவே பேர் நீக்கப்பட்டது என்று இரண்டே வரி.

அன்றைக்குச் சாயங்காலமே கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள். கோர்ட்டில் எப்போதும் குடையோடு திரியும் ஒரு வக்கீல் இருக்கிறார். குடை வக்கீல் என்போம். அவர்தான் விஷயத்தைக் கேட்டுவிட்டு, மனுவை அடித்துக்கொண்டு வரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"என்னைக்கு நடந்துச்சு?"

"நல்ல மழை பெய்ஞ்சுதே அண்ணே, அன்னைக்கு."

"ஒரு மாசமா மழைதான் பெய்யுது. தேதி சொல்லும்மா. கோர்ட்டு மழைய எல்லாம் கேக்காது."

தேதி சொன்னாள்.

"கை எப்படி உள்ள போகும்? மெஷின்னா ஒரு தடுப்பு இருக்குமே."

"இருந்துச்சு. உருளைக்கு முன்னாடி ஒரு கம்பி. கை பட்டா மெஷின் நின்னுடும். துணி பட்டாலும் நின்னுடும். நின்னு நின்னு வேல ஓடலன்னு சூப்பர்வைசர் அதக் கழட்டி மூலையில சாத்திட்டாரு. மூணு தடவ சொன்னேன் அண்ணே. 'பாத்து விடு, கண்ணு எதுக்கு இருக்கு'ன்னாரு."

"எழுதிக் குடுத்தியா?"

"வாயால சொன்னா போதாதா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். இப்படித்தான். எல்லாரும் வாயால் சொல்லுவார்கள். வாயால் சொன்னதைக் கம்பெனி காதால் கேட்டதே இல்லை என்று பதிலுரை வரும்.

"சரி, வெந்ததும் என்ன பண்ணாங்க?"

"முதலுதவி ரூம்ல நர்ஸம்மா தண்ணி ஊத்தி, ஊசி போட்டு, மருந்து தடவி, வீட்டுக்கு அனுப்பினாங்க. போய் ஓய்வெடு, நாங்க பாத்துக்கறோம்னு சூப்பர்வைசரும் சொன்னாரு." கட்டைக் குனிந்து பார்த்தாள். "எனக்கு வேல திரும்ப வேணும் அண்ணே. அந்த மெஷின் முன்னாடி நின்னு, அந்தாளு கண்ணு முன்னாடி, நான் விரிப்பு விடணும். அவ்வளவுதான்."

பன்னிரண்டு பத்தியில் மனுவை முடித்தேன். பாய்லர் பக்கத்திலேயே நின்றான். பக்கம் பக்கமாக அவள் படிக்கப் பிடித்துக்கொடுத்தான். அவள் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டபோது காகிதம் நகராமல் அழுத்திக்கொண்டான். அந்த நாட்களில் அவளுக்குத் தலை வாரிவிடுவது, பொத்தான் போட்டுவிடுவது எல்லாம் அவன்தான். மாடிப்படியில் உட்காரவைத்து, சிக்கெடுக்கத் தெரியாமல் இழுத்து அவன் வாங்கும் திட்டு எங்கள் வீடு வரைக்கும் கேட்கும்.

கம்பெனியின் பதிலுரை ஒன்றரை மாதம் கழித்து வந்தது. வேறு எங்கோ அடித்தது. அவள் அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தபோது முகமே சரியில்லை.

"எட்டாவது பத்தியப் படிங்க."

நான் ஐந்திலிருந்து ஆரம்பித்தேன். ஐந்தாவது பத்தியில், அன்றைய தேதியில் எந்த விபத்தும் நடக்கவில்லை, முதலுதவி அறையில் மனுதாரருக்கு எந்தச் சிகிச்சையும் தரப்படவில்லை, வீட்டில் அடுப்பில் சுட்டுக்கொண்டிருக்கலாம் என்று இருந்தது. இது வழக்கமான சங்கதிதான். எட்டாவது பத்தி இப்படி இருந்தது: 'மேற்கண்டதற்குப் பாதகமின்றி, அப்படியே ஏதும் நடந்திருந்தாலும், மனுதாரர் அன்று காலை இருமல் மருந்து இரண்டு மூடி குடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வேலைக்கு வந்ததே அதற்குக் காரணம்.'

நடக்கவே இல்லை, நடந்திருந்தால் அவள் தப்பு. எங்கள் தொழிலில் இது பழைய வித்தை. எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாமல் எல்லாக் கதவையும் தட்டிவைப்பார்கள்.

"குடிச்சியா?"

"குடிச்சேன். முந்தின நாள்லேருந்து இருமல். ஆனா அது வீட்டுக்குள்ள நடந்தது அண்ணே. வீட்டுல இருந்தது நானும் அவரும்தான். கம்பெனிக்கு எப்படித் தெரியும்?"

பதில் அவள் முகத்திலேயே இருந்தது.

"இன்னொண்ணும் கேளுங்க. பாய்லர்ல வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். பாதி மாசம் ராத்திரி வேல. எனக்குக் கை வெந்ததிலேருந்து இவருக்கு மட்டும் பகல் ஷிஃப்டு. சரியா நாலு மணிக்கு வீட்டுல நிக்கிறாரு. எப்படிக் கெடச்சுதுன்னு கேட்டா, 'கேட்டேன், குடுத்தாங்க'ன்றாரு. என்னைய வெளிய தள்ளுன கம்பெனி இவருக்கு மட்டும் கேட்டதக் குடுக்குமா?"

கேட்டதும் கொடுக்கிற கம்பெனியை நான் இருபத்தாறு வருஷத்தில் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து அவள் தலை வாரிக்கொள்ள என் வீட்டுக்காரியிடம் வர ஆரம்பித்தாள். மேல்வீட்டில் பேச்சு நின்றுவிட்டது என்று அதிலேயே தெரிந்துபோயிற்று. முன்பெல்லாம் இரண்டு பேர் துணியும் ஒரே வாளியில் ஊறும். காலையில் அவன் கும்மிப் பிழிந்து காயப்போடுவான். இப்போது அவன் சட்டை மட்டும் தனியாகக் கதவுக்கு வெளியே, படிமேல் கிடக்கும்.

என் வீட்டுக்காரி விடுவாளா? தலை வாரிக்கொண்டே வாயைக் கிளறினாள்.

"நான் ஒண்ணு கவனிச்சேன். முன்ன மாதிரி அவர் சட்டையில எண்ணெய் வாசம் வர்றதில்ல. படியில போகும்போதே பினாயில் நாத்தம்தான் வருது."

"ஆமாக்கா. அதான் வெளிய போடுறேன்."

"பினாயில் எங்க ஊத்துவாங்க? முதலுதவி ரூம்லதான். அங்க யாரு ஒக்காந்திருக்கா? நர்ஸு."

"அடியே, வாய மூடு" என்று நான் உள்ளேயிருந்து கத்தினேன். கத்தினேனே தவிர, எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பாய்லர் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு கம்பெனிக்காரர்களோடு கதை பேசுகிற மாதிரி கண்ணுக்குள் ஒரு படமே ஓடிற்று.

ஒருநாள் பாய்லரே வந்தான். மழையில் நனைந்த தலையோடு வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே பினாயில் வாசம் வந்தது.

"அண்ணே, அவ என்கூடப் பேசி ஒம்பது நாளாச்சு. நான் யார்கிட்டயும் வாயத் தொறக்கல. நீங்களாவது சொல்லுங்க."

"பகல் ஷிஃப்ட் எப்படிப்பா கெடச்சுது?"

அவன் தரையைப் பார்த்தான். "கேட்டேன், குடுத்தாங்க."

தரையைப் பார்த்துப் பதில் சொல்கிற சாட்சியை நான் எத்தனை பார்த்திருப்பேன். "சரி, போ" என்றேன். நம்பவில்லை. அது அவனுக்கும் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் அவள் ஒரு காகிதம் கொண்டுவந்தாள். இடது கையால் எழுதியது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. 'என் கணவரே கம்பெனியின் ஆள். வீட்டில் நடப்பதை அவர்தான் அங்கே சொல்கிறார்.' அவ்வளவுதான்.

"பதிலுக்குப் பதில் அடிக்கப்போறீங்கள்ல, அதுல இதையும் ஒரு பத்தியா போடுங்க."

"நல்லா யோசிச்சியா? கோர்ட்டுல போட்டா திரும்ப எடுக்க முடியாது."

"யோசிச்சுதான் எழுதினேன். இந்தக் கையால இவ்வளவு எழுத அரை நாளாச்சு."

"இரும்மா. அவன் இல்லன்னு சொல்றான்..."

"நீங்களும்தான் இல்லன்னு சொல்வீங்க. ரெண்டு பக்கமும் டைப் அடிக்கிறவருதானே நீங்க. நான் இருமினது ஒங்களுக்கும் கீழ கேட்டிருக்கும்."

எனக்கு வந்ததே கோபம்! "எந்திரிம்மா. மொதல்ல எந்திரி. ரெண்டு பக்கமும் அடிப்பேன், ஒரு பக்கத்த இன்னொரு பக்கத்துக்கு வித்ததில்ல. நீ வேற ஆளப் பாத்துக்க" என்று கத்திவிட்டேன். அவள் கண் கலங்க எழுந்து போனாள். காகிதத்தை மட்டும் எடுக்கவில்லை. அதை இழுப்பறைக்குள் தள்ளிச் சாத்தினேன்.

ஆனால் புத்தி சும்மா இருக்குமா? மறுநாள் காலையில் டீயைக்கூடத் தொடாமல் அந்த எட்டாவது பத்தியை எடுத்து வைத்துக்கொண்டேன். கம்பெனிப் பதிலுரை எத்தனை அடித்திருக்கிறேன். தெரியாததை எழுதும்போது அவர்கள் பொத்தாம்பொதுவாகத்தான் எழுதுவார்கள். 'ஏதோ மருந்து உட்கொண்டு' என்பார்கள். அளவு போடமாட்டார்கள். யாரோ பேச்சுவாக்கில் சொன்னதில் அளவு எப்படி வரும்? இவர்கள் எதையோ பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றிற்று.

முந்தின நாள் போட்ட சண்டையை மறந்து மாடி ஏறினேன். அவள் ஒற்றைக் கையால் முட்டையை உரிக்க முடியாமல் உரித்துக்கொண்டிருந்தாள். பாய்லர் வேலைக்குப் போயிருந்தான்.

"எத்தன மூடி குடிச்ச?"

"எதுக்கு வந்தீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. எத்தன மூடி?"

"ரெண்டு."

"அவன் பாத்தானா?"

"அவர்தான் ஊத்திக் குடுத்தாரு. அஞ்சரைக்கு, வேலைக்குக் கெளம்புறப்ப. ஒரு மூடி. அதுக்கு மேல கூடாது, தூக்கம் வரும்னு சொல்லிட்டுப் போனாரு."

"அப்போ இன்னொரு மூடி?"

"அவர் போனப்புறம் இருமல் நிக்கல. நானே ஊத்திக் குடிச்சேன். சொன்னா திட்டுவாரேன்னு..." அவள் கையிலிருந்த முட்டை தட்டில் விழுந்தது.

"அப்போ ரெண்டாவது மூடி அவனுக்குத் தெரியாது."

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்? நல்லா யோசி. யார்கிட்ட ரெண்டுன்னு சொன்ன?"

அவள் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது.

"நர்ஸம்மா. ஊசி போடறதுக்கு முன்னாடி, இன்னைக்கு ஏதாவது மருந்து சாப்பிட்டியான்னு கேட்டாங்க. நான் வலியில கத்திக்கிட்டே, இருமல் மருந்து ரெண்டு மூடின்னு சொன்னேன். அவங்க ஒரு நோட்டுல எழுதினாங்க. பெரிய நோட்டு. அய்யோ, எப்படி மறந்தேன்!"

"அந்த நோட்டப் பாத்துத்தான் கம்பெனிக்காரன் எழுதியிருக்கான். சிகிச்சையே குடுக்கலன்னு அஞ்சாவது பத்தியில சொன்னவன், சிகிச்சை குடுத்த நோட்டுலேருந்து எட்டாவது பத்திய எடுத்திருக்கான். ஒம்மேல பழி போடுற ஆசையில தானே வந்து மாட்டிக்கிட்டான்."

சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டியவள் குதிக்கவில்லை. சுவரைப் பார்த்தாள். சர்டிபிகேட் அங்கேதான் மாட்டியிருந்தது. "அப்போ அந்தப் பகல் ஷிஃப்டு? அந்தப் பினாயிலு?" என்றாள். சந்தேகம் பாதி வெந்த மாதிரி நின்றுபோயிற்று.

குடை வக்கீல் விஷயத்தைக் கேட்டதும் குடையால் தரையைத் தட்டிச் சிரித்தார். "அந்த நோட்டுல பக்கத்துக்குப் பக்கம் நம்பர் போட்டு முத்திரை குத்தியிருக்கும். கிழிச்சாலும் தெரியும், வெச்சிருந்தாலும் தெரியும். கொண்டுவரச் சொல்லி மனு போடுவோம். ஆனா, புருஷன் சொல்லித்தான் தெரிஞ்சுதுன்னு அவங்க தப்பிச்சுடக் கூடாது. ஒரு மூடிதான் தெரியும்னு அவர் பிரமாணப் பத்திரம் போடணும். அவருக்கு அங்கதானே வேலை? யோசிச்சுக்கங்க."

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு, நான் கூப்பிட்டதால், இரண்டு பேரும் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஒரே பெஞ்சு, நடுவில் மூன்றாவது ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தார்கள். வெளியே தூறல். விஷயத்தை நான் பாய்லருக்குச் சொன்னேன். 'ரெண்டாவது மூடி' என்றதும் அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "குடிக்காதன்னு சொன்னேன்ல" என்றான். ஒன்பது நாளும் அதற்கு மேலும் பேச்சில்லாமல் இருந்து, அவர்களுக்குள் வந்த முதல் பேச்சு அதுதான்.

பிரமாணப் பத்திரம் எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்கும். பேர், தகப்பனார் பேர், வயது, தொழில். முதல் மூன்றையும் கேட்டு அடித்தேன். தொழிலைக் கேட்கவே இல்லை. ஊருக்கே தெரிந்ததுதானே, 'பாய்லர் இயக்குபவர்' என்று என் விரல் தானாக அடித்துவிட்டது.

"அண்ணே, அது இல்ல" என்றான்.

"எது இல்ல?"

"தொழில்." தொண்டையைச் செருமினான். "சத்தியம் பண்ணிக் குடுக்கிற காகிதமாச்சே. தப்பா இருந்தா அதப் புடிச்சுக்கிட்டு மத்ததையும் பொய்யின்னுடுவாங்கல்ல?"

"ஆமா."

"அப்போ மாத்துங்க. அழுக்குத் துணி பிரிக்கிற பிரிவுன்னு போடுங்க."

எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற மூட்டையைப் பிரிக்கிற இடம் அது. ரத்தம், சீழ், மலம் எல்லாம் அப்படியே வரும். பினாயில் தண்ணீரில் முக்கி முக்கி வகை பிரிக்க வேண்டும். அந்த லாண்டரியில் அதற்குக் கீழே வேலை கிடையாது.

அவள் அவன் பக்கம் முழுசாகத் திரும்பியிருந்தாள். "எப்பலேருந்து?"

"ஒனக்குக் கை வெந்த மறுநாள்லேருந்து. பாய்லர்ல பகல் மட்டும் வேணும்னு கேட்டேன். அங்க முடியாது, வேணும்னா அழுக்குத் துணிக்குப் போ, அங்க பகல் மட்டுந்தான்னாங்க. நீ ராத்திரியெல்லாம் வலியில தூங்கல. தண்ணி எடுத்துக் குடுக்கவாவது ஆள் வேணும்ல?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சர்டிபிகேட்ட செவுத்துல மாட்டி வெச்சுக்கிட்டு, அத எப்படிச் சொல்றது?" தரையைப் பார்த்துச் சொன்னான். பிறகு தலையைத் தூக்கினான். "நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நேரா கேட்டிருக்கலாம்ல?"

அவள் கட்டுப் போட்ட கையை முகத்துக்குக் கொண்டுபோய், வலித்ததும் இறக்கிவிட்டு, மறைக்க எதுவும் இல்லாமல் அப்படியே அழுதாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிற்று. என் வீட்டுக்காரி கதவுக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தரையைப் பார்க்கிறவனெல்லாம் பொய் சொல்கிறான் என்று இருபத்தாறு வருஷம் நினைத்திருக்கிறேன்.

"பாரு தம்பி, இதுல நீ கையெழுத்துப் போட்டா அந்த வேலையும் போயிடலாம்" என்றேன்.

"வேணாம்" என்றாள் அவள். "போடாதீங்க. கேஸ் தோத்தாலும் பரவாயில்ல."

"சும்மா இரு. அழுக்குத் துணி பிரிக்கிற வேலதானே. அதுக்கு மாட்டி வெக்க ஒரு சர்டிபிகேட் உண்டா?" என்றான். "நீங்க அடிங்க அண்ணே. அஞ்சரை மணிக்கு ஒரு மூடி ஊத்திக் குடுத்தேன். ரெண்டாவது மூடி இன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். காலையில குடை வக்கீல் முன்னாடி கையெழுத்துப் போடுறேன்."

அடித்து முடித்து இரண்டு பிரதி எடுத்தேன். அவன் முதலில் படியேறினான். அவள் வாசலில் தயங்கி நின்றாள்.

"அண்ணே, நான் குடுத்த அந்தக் காகிதம்..."

"எந்தக் காகிதம்?" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அன்னைக்கு ஒங்களையும்..."

"போம்மா, போ. மழ வலுக்குது."

காலையில் மழை விட்டிருந்தது. டீயை எடுத்துக்கொண்டு வந்த என் வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தி, "மேல்வீட்டுப் படியில சட்டையக் காணோம். எவனாவது தூக்கிட்டுப் போயிட்டானா?" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் மேஜைமேல் டப்பென்று ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பதிலுரையின் ஐந்தாவது பத்தி நனைந்தது.

ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். மேலே கொடியில் அவனுடைய சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சரியாகப் பிழியவே இல்லை. கையிலிருந்தும் காலரிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. ஒற்றைக் கையால் பிழிந்தால் அப்படித்தான் இருக்கும்.

"இன்னும் சத்தம் போடலையா?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி.

நான் காகிதங்களை எடுத்துக்கொண்டு மேஜையைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டேன்.